முகத்துக்கு எழுதாத மருந்து

மாலை முடியும் நேரத்தில் வருகிற கடைசி ஐந்தாறு நோயாளிகளிடம் கவனமாக இருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோல் மருத்துவம் பார்த்துவிட்டு இப்போது வீட்டில் உட்கார்ந்து யோசித்தால், என் தவறுகளில் பெரும்பாலானவை அந்தக் கடைசி ஐந்தாறு பேரிடம் செய்தவைதான் என்று தெரிகிறது. முதலில் வருபவரிடம் நான்கு கேள்வி கேட்கிறோம். கடைசியில் வருபவரிடம் ஒன்றுதான் கேட்கிறோம். அதற்கும் பதிலைப் பாதியிலேயே எழுதிவிடுகிறோம்.

ஸ்டீராய்டு களிம்பால் முகத்தில் வரும் ரோசேசியா என்கிற சிவப்புக்கும் கொப்புளத்துக்கும் எந்த மாத்திரை, எத்தனை வாரம் என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல நான் வேண்டாம். ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேச்சியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் அதுவல்ல.

அந்த நாட்களில் பகலில் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் மூன்று மாலை ஸ்ரீபெரும்புதூருக்கு வருவேன். கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடை, அதன் மாடியில் ஓர் அறை. கடைக்காரர் தனபால் அறைக்கு வாடகை கேட்கவில்லை. நான் மாடியில் எழுதும் சீட்டு கீழே அவர் கடையில் இறங்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. அதில் தவறு எதுவும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஒரகடம் வரைக்கும் வயல்களில் ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே மாடி ஏறி வருவார்கள். பாதிப் பேர் தென் மாவட்டங்களிலிருந்து ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள்.

பேச்சியம்மாளும் அப்படி வந்தவள்தான். இருபது வயது, சங்கரன்கோவில் பக்கம். மின்னணுப் பாகங்கள் பூட்டும் ஓர் ஆலையில் பயிற்சித் தொழிலாளி. பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையில் ஆறு பெண்கள் தங்கியிருந்தார்கள், அவர்களில் ஒருத்தி. முதல் நாள் துப்பட்டாவால் கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக் கட்டியிருந்தாள்.

“மூஞ்சி எரியுது டாக்டர். லைன்ல தலைக்கு மேல லைட்டு இருக்குல்லா, அதுக்குக் கீழ நின்னா மொளகாப் பொடிய அப்புன மாதிரி இருக்கு.”

துப்பட்டாவை அவிழ்த்தாள். இரண்டு கன்னமும் சிவந்து, சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்களாக இருந்தன.

“முகத்துக்கு க்ரீம் ஏதாவது போடுறியாம்மா?”

“ஒண்ணும் போடல டாக்டர்.”

வெளியே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். எனக்கு அன்று தலைவலி வேறு. அந்தச் சிவப்பையும், தோல் மெலிந்து கண்ணாடித் தாள் மாதிரி மினுங்குவதையும் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தும், அவள் ‘இல்லை’ என்றதைப் பிடித்துக்கொண்டேன். பரு என்று எழுதி, பருவுக்கான மருந்தைக் கொடுத்து அனுப்பினேன்.

ஒன்பதாவது நாள் திரும்பி வந்தாள். முகம் வெந்துபோன மாதிரி இருந்தது. எனக்கு வந்தது இரக்கம் அல்ல, எரிச்சல். நம் சிகிச்சை தோற்கும்போது நோயாளி மேல் வருகிற எரிச்சல் அது. உங்களுக்கும் வரும்.

“உண்மையைச் சொல்லு. முகத்துல என்ன போட்ட?”

“நீங்க தந்தததான் போட்டேன் டாக்டர். அதோட எப்பவும் போடுத மருந்தும் போட்டேன்.”

“எந்த மருந்து?”

கைப்பையிலிருந்து நசுங்கிப்போன ஒரு ட்யூப்பையும், நாலாக மடித்த ஒரு தாளையும் எடுத்து மேசை மேல் வைத்தாள். தாளைப் பிரித்தேன். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன சீட்டு. மேலே அச்சில் என் பெயர். கீழே என் கையெழுத்து. நடுவில், இருப்பதிலேயே வீரியமான ஸ்டீராய்டு களிம்பு ஒன்றின் பெயரும் ‘காலை, இரவு’ என்ற இரண்டு சொற்களும். எங்கே தடவ வேண்டும் என்று இல்லை. எத்தனை நாள் என்று இல்லை.

“அன்னைக்கு க்ரீம் போடுதியான்னு கேட்டிய. இது க்ரீம் இல்லையே, மருந்துல்லா. நீங்க எழுதுனதுதான” என்றாள். குற்றம் சொல்லும் குரல் அல்ல. எனக்கு விளங்கவில்லையோ என்று பொறுமையாக விளக்குகிற குரல்.

அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. அவளுடைய அறையில் மூத்தவள் ஜெனிட்டா. அதே ஆலையில் நாள் முழுக்க ரப்பர் கையுறை போட்டு வேலை பார்த்து, உள்ளங்கை வெடித்து என்னிடம் வந்திருக்கிறாள். உள்ளங்கைத் தோல் தடிமனானது, அதற்கு அந்தக் களிம்பு சரியான மருந்து. கை ஆறியது. மிச்சத்தை ஜெனிட்டா முகத்தில் ஒரு கரும்புள்ளிக்குத் தடவிப் பார்த்தாள், முகம் வெளுத்தது. சீட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனது. ஆறு பேரும் தடவினார்கள். பேச்சியம்மாளுக்கு எட்டு மாதப் பழக்கம்.

“மொதல்ல நல்லா வெளுத்து பளபளன்னு ஆச்சு டாக்டர். கோயில் கொடைக்கு ஊருக்குப் போனப்ப எல்லாரும் என்ன பூசுதன்னு கேட்டாவ. இப்ப ஒரு நாள் விட்டாலும் எரியுது. போட்டா அடங்கிருது.”

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? “யார் கொடுத்தாலும் வாங்கிப் பூசிடுறதா?” என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சீட்டை மடித்து என் மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.

களிம்பை அடியோடு நிறுத்தச் சொல்லி, டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதினேன். மாதவிலக்கு சரியாக வருகிறதா, வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்டுத்தான் எழுதினேன். நிறுத்தியதும் இரண்டு மூன்று வாரம் இன்னும் மோசமாகும், பயப்படாதே என்று எழுந்து நின்றபடியே சொன்னேன். எத்தனை சொல் அவள் காதில் விழுந்திருக்கும் என்று தெரியாது.

படி இறங்கும்போது தனபாலிடம் நின்றேன். “இந்த ட்யூப்பை இனிமே சீட்டு இல்லாமக் கொடுக்காதீங்க.”

“சீட்டு இல்லாம எங்க மேடம் குடுத்தேன்? உங்க சீட்டத்தான் எடுத்துகினு வருதுங்க. அது ஜெராக்ஸா ஒரிஜினலான்னு நான் இன்னாத்த கண்டேன்? நான் இல்லன்னா எதிர்க்கடையில வாங்கிகினு போவுதுங்க.”

அவரிடம் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. பஸ் ஏறினேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பேச்சியம்மாள் வேலை நேரத்து உடையிலேயே வந்தாள். கண் இடுங்கும் அளவுக்கு முகம் வீங்கியிருந்தது. கன்னம், தாடை எல்லாம் கொப்புளம்.

“அம்மைன்னு சொல்லி லைன விட்டு வெளிய அனுப்பிட்டாவ. டாக்டர் லெட்டர் இல்லாம கேட்டுக்குள்ள வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.” நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். “மூணு வாரத்துல எங்க பேட்ச்ச நிரந்தரம் பண்ணுதாவ டாக்டர். லைன்ல நிக்கவங்க பேருதான் லிஸ்ட்ல போகும். அந்த ட்யூப்பையே திரும்பப் போட்டா ரெண்டு நாள்ல அடங்கிரும், எனக்குத் தெரியும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மூணு வாரம் மட்டும். பெறவு நீங்க சொல்லுதபடி கேக்கேன்.”

அவள் சொன்னது பொய்யில்லை. போட்டால் அடங்கும். மூன்று வாரத்துக்கு முகம் பார்க்கும்படி இருக்கும், வேலை நிரந்தரமாகும். அதற்குப் பிறகு மறுபடி நிறுத்தினால் இதைவிட மோசமாகக் கிளம்பும், மறுபடி தடவுவாள். அந்த வட்டத்திலிருந்து வெளியே வர முடியாமல் போன முகங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாய்வரைக்கும் வந்துவிட்டது ‘சரி’ என்ற வார்த்தை. என் சீட்டால் போகிற வேலையை என் ஒரு வார்த்தை காப்பாற்றும் என்றால்?

முடியாது என்றுதான் சொன்னேன். அவள் அழவில்லை. “அப்ப லெட்டராவது தாங்க” என்றாள்.

மறுத்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியாக மறுத்துவிட்டதாலேயே மிச்சக் கடமையெல்லாம் முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நம்பாதீர்கள். அதே நிம்மதியில்தான் கடிதத்தை எழுதினேன். ‘இது தொற்று நோய் அல்ல. முகத்துக்குப் பொருந்தாத பூச்சு மருந்தைப் பயன்படுத்தியதால் ஏற்பட்டது. சிகிச்சையில் உள்ளார்.’ மூன்று வரிகள், மூன்றும் உண்மை. அந்த மருந்து யார் சீட்டில் வந்தது என்று எழுதவில்லை. நான்கு வாரத்துக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வந்து, மாத்திரை தீர்ந்துவிட்டது என்றாள். முகம் தேறத் தொடங்கியிருந்தது. வீக்கம் இல்லை, கொப்புளங்கள் வற்றிக்கொண்டிருந்தன.

“வேலைக்குப் போறியா?”

“இல்ல டாக்டர். லெட்டரப் படிச்சிட்டு, அழகுக்கு எதையோ பூசிட்டு வந்து நிக்கியான்னு கேட்டாவ. முழுசா ஆறுன பெறவு வான்னு சொல்லிட்டாவ. லிஸ்ட்டும் போயிட்டு, அதுல எம் பேரு இல்ல.”

அவள் சொன்னது உள்ளே போய்ச் சேர்வதற்கு முன் எனக்கு இன்னொன்று உறைத்தது.

“நாலு வாரத்து மாத்திரை பத்து நாள்ல எப்படித் தீர்ந்தது?”

“ரூம்ல எல்லாருக்கும் எரியுதுன்னாவ. என் மூஞ்சி கொறையிறதப் பாத்துட்டு, ட்யூப்பு போட்டா வார எரிச்சலுக்கு இந்த மாத்திரதான்னு சொல்லி வாங்கித் தின்னாவ.”

“எல்லாரும்னா? ஜெனிட்டாவும் சாப்பிட்டாளா?”

“ஆமா. ஆனா அவியளுக்கு மாத்திர ஒத்துக்கல. ஒரு வாரமா சாப்பிட்டதெல்லாம் வாந்தி.”

“ஜெனிட்டாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“தை மாசம் ஆச்சு டாக்டர். வீட்டுக்காரர் திருப்பூர்ல இருக்காரு.”

காத்திருந்த இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேச்சியம்மாளோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மருத்துவராக அத்தனை ஆண்டுகளில் ஒரு நோயாளியின் அறைக்கு நானாகப் போனது அதுதான் முதல் தடவை. விளக்கு வைக்கும் நேரம். ஒரு ஜன்னல், சுவரோரம் ஆறு பெட்டி, ஆணிகளில் தொங்கிய அடையாள அட்டைகள். கண்ணாடிக்குக் கீழே பலகையில் அதே ட்யூப் நான்கு கிடந்தது. ஷிப்டுக்குப் போனவர்கள் போக நான்கு பெண்கள் இருந்தார்கள். ஜெனிட்டா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களை வெளியே நிற்கச் சொன்னேன்.

“கடைசியா எப்ப தலைக்குக் குளிச்ச?”

அவள் கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “ரெண்டு மாசம் தள்ளிப் போயிருக்கு டாக்டர். வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல. லைன்ல தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவாவன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல.”

எட்டு நாள் மாத்திரை சாப்பிட்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் பல்லையும் எலும்பையும் அந்த மாத்திரை கெடுக்கும் என்பது நீங்களும் படித்ததுதான். இவ்வளவு தொடக்கத்தில், இத்தனை குறைவாகச் சாப்பிட்டதில் கெடுதல் வர வாய்ப்பு மிகக் குறைவு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்துக்கு நேரே எதைச் சொல்வது? இரண்டையும் சொன்னேன். பெரிதாகப் பயப்பட வேண்டாம் என்றும், இன்றோடு ஒன்றுகூடச் சாப்பிடக் கூடாது என்றும், நாளைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போய் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவரின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.

அவள் இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முன்னால் நீட்டினாள். “கை நல்லா ஆறிட்டு டாக்டர். நீங்க எழுதுனது நல்ல மருந்து. அதான் இவளுவளுக்கும் குடுத்தேன். எல்லாத்துக்கும் நாந்தான் காரணம். பேச்சி வேலையும் என்னாலதான் போச்சு.”

மூன்று வாரமாக நான் என் இழுப்பறைக்குள் பூட்டி வைத்திருந்ததை இந்தப் பெண் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டேன். “அந்தச் சீட்டுல எங்க தடவணும்னு நான் எழுதல. எத்தனை நாள்னும் எழுதல. ரெண்டு வரி சேர்த்து எழுதியிருந்தா இது யார் முகத்துக்கும் போயிருக்காது. தப்பு என்னுது. ஜெனிட்டாவுது இல்ல” என்றேன்.

பேச்சியம்மாள்தான் பேசினாள்.

“அப்ப அத கம்பெனிக்கு எழுதித் தாங்க டாக்டர்.”

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். என் சீட்டில் இருந்த குறையை எழுதினேன், இந்தப் பெண் அழகுக்காக எதையோ வாங்கிப் பூசவில்லை, மருத்துவர் பெயர் போட்ட மருந்தை நம்பிப் பூசினாள் என்று எழுதினேன். மறுநாள் தனபாலிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “இன்னா மேடம் நீங்க? உங்க கையாலயே எழுதிக் குடுத்து மாட்டிக்கிறீங்களே. நாளைக்கு என் கடையும் இல்ல மேடம் இதுல வருது?” மாதக் கடைசியில், தன் மச்சானுக்கு அறை தேவைப்படுகிறது என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பிறகு குன்றத்தூரில் வேறோர் இடம் பார்த்துக்கொண்டேன்.

கடிதத்தை நானே ஆலைக்குக் கொண்டுபோனேன். அலுவலகத்தில் இருந்த இளைஞர் இரண்டு முறை படித்தார். “இதை ஃபைல்ல வெக்கட்டுமா மேடம்?” என்று கேட்டார், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்பது போல. வையுங்கள் என்றேன். பேச்சியம்மாளை மறு வாரமே எடுத்துக்கொண்டார்கள். சூடான விளக்குகள் இல்லாத பேக்கிங் பிரிவில் போட்டார்கள். ஆனால் அந்த பேட்ச் பட்டியல் போய்விட்டது. அடுத்த பட்டியலுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் அந்த ஆறு மாதம் அவளுடையதாக இருந்திருக்கும். தவறை ஒப்புக்கொள்வதற்கும் ஒரு கெடு உண்டு. நான் அதைத் தவறவிட்டேன்.

ஆறு பேரையும் தனித்தனியாக வரவழைத்து, தனித்தனியாகக் கேள்வி கேட்டு, தனித்தனிச் சீட்டு எழுதினேன். ஜெனிட்டாவுக்குக் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய வேறு மாத்திரை. ஒருத்தி பாதியில் நின்றுவிட்டாள், வெளுப்பு போய்விடும் என்று ட்யூப்பை விட மனமில்லாமல். அவளை என்னால் திருப்ப முடியவில்லை. ஜெனிட்டா ஐந்தாம் மாதம் தானாகவே வேலையை விட்டு ஊருக்குப் போனாள். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது என்று பேச்சியம்மாள் மூலம் சொல்லியனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்துப் பேச்சியம்மாளுக்கு மாத்திரையை நிறுத்தினேன். கொப்புளம் இல்லை, எரிச்சல் இல்லை, அவளுடைய சொந்த நிறம் திரும்பியிருந்தது. கன்னத்தில் மட்டும் மெல்லிய சிவப்பு நூல்களாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன. கைக்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இந்தச் செவப்பு நூலு எப்ப போகும் டாக்டர்?”

“அது இந்த மாத்திரைக்குப் போகாதும்மா. கொஞ்சம் மங்கும். தானா முழுசாப் போகாது.”

“நான் ட்யூப்பக் காட்டுன அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

கண்ணாடியை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். முகத்தை மூடவில்லை.

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா. எப்படியும் ரூம்ல அழுதுட்டுதான் இருந்தேன். இதுக்கும் சேர்த்து அழுது முடிச்சிருப்பேன்.”

அதற்குப் பிறகு வந்தவர்களிடமெல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவேன். எது ஆறும், எது ஆறாது, எது எனக்கே தெரியாது என்று உட்கார்ந்து சொல்வேன். சிலர் அழுவார்கள். சிலர் எழுந்து, இதெல்லாம் ஆறும் என்று சொல்லும் வேறு மருத்துவரிடம் போவார்கள். போகட்டும். நீங்கள் சொல்லிவிடுங்கள்.